பித்தளைத் திருகாணிகள்

விருதுநகரில், அரசு மருத்துவமனைக்குச் செல்லும் சாலையில், பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் கடை ஒன்றை அசன் முகம்மது நடத்திவந்தார். தோல் கிழிந்த தபேலா, பல் உதிர்ந்த ஆர்மோனியம், தேவாலயங்கள் கழித்துக்கட்டிய கீபோர்டு என்று பலவும் அங்கே குவிந்து கிடந்தன. எனினும் அவருடைய பெயரைப் பெங்களூர் வரை கொண்டுசென்றவை அவை அல்ல. ஜப்பானில் செய்யப்பட்ட பழைய பேஸ் கிடார்களுள் மெய்யானது எது, போலி எது, எந்த ஆண்டில் பிறந்தது எது என்று பிரித்துச் சொல்வதில் அவருக்கு நிகரானவர் தென்மாவட்டங்களில் இல்லை என்பது கச்சேரிக்காரர்கள் கண்ட உண்மை.

அந்த நாலு கம்பிக் கிடார்கள் ஒரு காலத்தில் கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்தவை. மாலுமிகள் கைச்செலவுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவற்றை வாங்கிய பாடகர் குழுக்களும் மெல்லிசைக் குழுக்களும் கலைந்த பிறகு, பரண்களிலும் பாதிரியார் வீட்டுப் பின்னறைகளிலும் அவை உறங்கின. இப்போது அவற்றைத் தேடிப் பெருநகரத்துச் செல்வர்கள் அலைகிறார்கள். தேடுவோர் பெருகினால் போலியும் பெருகும் அல்லவா? உள்ளூர்க் கிடாரில் ஜப்பான் பெயரை ஒட்டி விற்பவர்களும் முளைத்துவிட்டார்கள். ஆதலால் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயரை அசன் முகம்மது முதலில் பார்ப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்ப்பார். உடலை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பலகைகளை அடுக்கி ஒட்டியதா, ஒரே மரமா என்று விளிம்பைத் தடவுவார். பின்னர் கழுத்தைக் கழற்றி, அது பொருந்தியிருந்த குழிக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். அங்கே முகம் தெரியாத ஒரு தொழிலாளி பென்சிலால் கிறுக்கிய ஓர் எழுத்து இருக்கும். “பேரை எவனும் ஒட்டலாம். இந்தக் கிறுக்கலை எவனும் கிறுக்க முடியாது” என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் சொல்.

தீபாவளிக்கான வேலை உச்சத்தில் இருந்த நாள்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜெபசுந்தர் அவர் கடைப்படி ஏறினார். ஏழாயிரம்பண்ணையை அடுத்த பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேனாக இருப்பவர், சாத்தூர்க்காரர், தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவர். ஓராள் உயரத்து உறையைத் தோளில் சாய்த்தபடி வந்து நின்றார்.

“வாங்க, வாங்க. இதத் தூக்கிக்கிட்டு பஸ்லயா வந்தீக?”

“பஸ்லதான் பாய். இதுக்கும் ஒரு டிக்கெட் எடுன்னுட்டான் கண்டக்டர்.”

“எடுத்தீகளா?”

“எடுத்தேன். எடுத்துட்டு, சீட்டுல உக்கார வச்சுல்ல கூட்டியாந்தேன்! ஒரு பாட்டியம்மா நின்னுக்கிட்டே வந்துச்சு. என்னையப் பாத்த பார்வை இருக்கே, பட்டாசு வேணாம், அதுலயே பத்திக்கிரும்.”

இருவரும் சிரித்தார்கள். உறையின் ஜிப்பைத் திறந்து கருவியை வெளியே எடுத்தபோது அசன் முகம்மதுவின் சிரிப்பு அடங்கியது. கண்ணை மூடித் தூக்கினார். தட்டினார். விளிம்பைத் தடவினார். ஒரே மரம். வண்ணம் வயிற்றுப்பகுதியில் தேய்ந்து மரம் தெரிந்தது. அது பல்லாண்டுகள் ஒரு மனிதரின் முன்கை உராய்ந்த தேய்வே அன்றி, உப்புத்தாள் கொண்டு உண்டாக்கிய தேய்வு அன்று. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, கழுத்தைக் கழற்றுவதற்காகப் பின்பக்கம் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கழுத்தை உடலோடு பிணைக்கும் தகடு மஞ்சளாக மின்னியது. அதன் நான்கு மூலைகளிலும் இருந்த திருகாணிகளும் மஞ்சள்.

“இது பித்தளைல்ல? இத மாத்துனது யாரு?”

“நான்தான் பாய். பழசு இரும்பு. துருப் பிடிச்சிருந்துச்சு. கம்பெனியில மருந்து அள்ளுற கரண்டி செய்யக் கொண்டாந்த பித்தளத் தகடு கொஞ்சம் மிஞ்சிச்சு. வெட்டி, ஓட்டை போட்டு மாட்டிட்டேன். நல்லாத்தானே இருக்கு?”

பட்டாசு மருந்து கலக்கும் இடத்தில் இரும்புக்கு அனுமதி இல்லை. இரும்பு எதன் மேலாவது உரசினால் பொறி பறக்கும். ஒரு பொறி போதும். ஆதலால் அங்கே கரண்டியும் சல்லடைச் சட்டமும் மரத்தாலோ பித்தளையாலோ ஆனவை. வாயிலில் தீப்பெட்டி, கைப்பேசி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் ஊக்கையும் கொண்டை ஊசியையும் கழற்றிவிட வேண்டும். காலைதோறும் வாயிலில் நின்று அதைச் சோதிப்பது போர்மேனாகிய ஜெபசுந்தரின் வேலை. தலை நரைக்கும் வரை அந்த வேலையைச் செய்தவருக்கு, இரும்பைக் கண்டால் கை கூசும் பழக்கம் ஆலையோடு நில்லாமல் வீடு வரை வந்துவிட்டது.

“எங்க வீட்டுத் தாழ்ப்பாளும் பித்தளதான் பாய். துணி காயப்போடுற கொக்கியும் பித்தளதான். ‘உங்களுக்கு இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டா ராத்திரி பூரா முழிச்சே கெடப்பீக’ன்னு எம் பொண்டாட்டி கேலி பண்ணுவா.”

“அப்ப இந்தக் கம்பிய மட்டும் எதுக்கு விட்டீக? அதையும் பித்தளையா மாத்த வேண்டியதுதானே?”

“அது இரும்பா இல்லேன்னா சத்தம் வராதுல்ல. இல்லேன்னா அதையும் விட்டிருக்க மாட்டேன்.”

கழுத்தைக் கழற்றினார் அசன் முகம்மது. குழிக்குள் பென்சில் கிறுக்கல் இருந்தது. அவர் தேடியது அதுவே. மகிழ்ச்சியை முகத்தில் காட்டவில்லை. பிறகு நிலைமையை விளக்கினார். கருவி மெய்யானது, அதில் ஐயம் இல்லை. ஆனால் எண் பொறித்த அந்தப் பழைய தகடு, வீட்டுக்குப் பத்திரம் எப்படியோ அப்படி. பெங்களூரில் ஸ்ரீராம்குமார் என்று ஒருவர் இருக்கிறார். கணினி நிறுவன அதிகாரி. சனிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தகடு இருந்தால், ஜெபசுந்தரின் மகள் ஜெனிட்டா நர்சிங் படிப்பை முடிக்கும் வரையில் கவலை இல்லை. தகடு இல்லையென்றால், வருகிற விலை முதலாண்டுக்கே போதாது.

“எறிஞ்சு கிறிஞ்சு போட்டீகளா?”

“பழைய இரும்ப எவன் எறிவான்? எங்கனயோ வச்சிருக்கேன். தேடிப் பாக்கேன் பாய்.”

“கெடைச்சா கீழ வைக்காதீக. போன வருசம் ஒருத்தர் இப்படித்தான் சன்னல்ல வச்சிட்டுக் குளிக்கப் போனாரு. வீட்டுக்காரம்மா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருச்சு. கையோட கொண்டாங்க.”

கருவியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஜெபசுந்தர் வெறுந்தோளோடு பேருந்து ஏறினார். “திரும்பிப் போக ஒரு டிக்கெட் மிச்சம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை, கடை வாசலில் நீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது.

“பாய், கெடைச்சிருச்சு! கோழிக்கூட்டுக் கதவுக்கு அடியில முட்டுக் குடுத்து வச்சிருந்திருக்கேன். நம்பர் அம்புட்டும் தெளிவா இருக்கு. ‘ஜப்பான்’னும் இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்! இப்ப எங்க இருக்கீக?”

“கம்பெனி வாசல்ல. சாயங்காலம் வேலை முடிச்சு நேரா அங்கன வந்துர்றேன். போனைக் குடுத்துட்டு உள்ள போகணும். இத என்ன செய்ய? வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போகவா?”

“வாட்ச்மேன் யாரு?”

“உக்கிரபாண்டி. நல்ல பயதான். ஆனா கையில எது கெடைச்சாலும் பீடிக்கு மாத்திருவான்.”

அசன் முகம்மதுவின் கண் முன்னே அப்போது சனிக்கிழமை நின்றது. ஸ்ரீராம்குமார் நின்றார். வாசல் என்றால் என்ன வாசல் என்பது அவருடைய மனத்தில் ஏறவில்லை.

“அவன்கிட்டல்லாம் குடுக்காதீக. உங்ககிட்டயே இருக்கட்டும்.”



“இரும்பு பாய் இது.”

“துணியில சுத்தி உள்பையில வைங்க. சாயங்காலம் வரைக்குந்தானே? ஒண்ணும் ஆகாது.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது!” என்று ஜெபசுந்தர் சிரித்தார். “சரி, வச்சுக்கிறேன். போர்மேன் பையில எவன் கைய விடப் போறான்?”

ஊரைச் சோதிக்கிறவரைச் சோதிப்பதற்கு அங்கே ஆள் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆயினும் யானை தானாகச் சறுக்குவது ஒன்று, அதன் காலடியில் ஒருவர் எண்ணெய் ஊற்றுவது வேறு.

ஏழாயிரம்பண்ணையில் வெடித்தால் விருதுநகருக்குச் சத்தம் எட்டாது. எட்டுவது ஆம்புலன்ஸின் ஓலம். ஜும்ஆத் தொழுகை முடிந்து அசன் முகம்மது கடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோது முதலாவது வண்டி அவரைக் கடந்து சென்றது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு வேன். அதில் வாழையிலைகளை விரித்து, தீப்பட்டவர்களைக் கிடத்தியிருந்தார்கள். தேநீர்க்கடையில் எல்லாரும் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார்கள். “எந்தக் கம்பெனிலே?” என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் பெயரைச் சொன்னான். அசன் முகம்மது கடைச் சாவியைக் கையில் பிடித்தபடி, பூட்டைத் திறக்காமலேயே படியில் உட்கார்ந்தார்.

ஜெபசுந்தரும், வெடித்த அறையில் மருந்து இட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிலரும் மாண்டுபோனார்கள்.

அடுத்து வந்த நாள்களில் செய்தித்தாள்கள் ஆளுக்கொரு காரணம் எழுதின. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் அதைப் போல் பல மடங்கு ஆள்களை அமர்த்தியிருந்தார்கள் என்றது ஒன்று. உச்சி வெயிலில் மருந்து கலந்தார்கள் என்றது இன்னொன்று. ஆலையின் மேலாளர் கனகசபாபதி எல்லாவற்றுக்கும் ஒரே விடையை வைத்திருந்தார்: விதிமுறைகளை நிறைவேற்ற வேண்டியவர் போர்மேன், தவறு நடந்திருந்தால் அது போர்மேனின் தவறு. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. பழி, சரிவைக் கண்ட தண்ணீரைப் போலச் சாத்தூரில் இருந்த அந்த வீட்டை நோக்கி ஓடிற்று. வீட்டு வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தபோது பாடகர் குழுவிலிருந்து பாதிப் பேர்கூட வரவில்லை. அசன் முகம்மது மதிலோரம் நின்று, மண் விழும் ஓசையைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

அவருடைய மேசை மீது அந்தக் கிடார், கழுத்து வேறு உடல் வேறாகக் கிடந்தது. பித்தளைத் தகடும் திருகாணிகளும் ஒரு டப்பா மூடியில் இருந்தன. அவர் அதை மூடவும் இல்லை, தொடவும் இல்லை. ஒரே ஒரு நினைப்பு மட்டும் அவரைத் தாங்கி நின்றது. அக்காலத்துத் தகடுகள் பெரும்பாலும் இரும்பின் மேல் வெள்ளிநிற முலாம் பூசியவை. ஆயினும் அருமையாகச் சில, பித்தளையின் மேல் அதே முலாம் பூசியவை உண்டு. அப்படிப்பட்டது ஒன்றை அவரே கண்டிருக்கிறார். ஜெபசுந்தர் துருவைப் பார்த்ததாகச் சொன்னாரே? அது திருகாணியின் துருவாக இருக்கலாம். இரும்பு என்று அவர் எண்ணியதே தவறாக இருக்கலாம். பித்தளையாக மட்டும் இருந்துவிட்டால், ‘ஒண்ணும் ஆகாது’ என்று தாம் சொன்னது உண்மையாகிவிடும். அந்த வெடிப்புக்கு வேறு எதுவோ காரணம் ஆகிவிடும்.

“சோத்த வச்சுக்கிட்டு என்னத்த யோசிக்கீக?” என்றார் அவருடைய மனைவி குல்சார் பேகம்.

அவர் சொன்னார். தொலைபேசியில் பேசியதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார்.

குல்சார் பேகம் தட்டை எடுத்து அப்பால் வைத்தார். “நீங்களா தீ வச்சீக?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்.”

குல்சார் பேகம் தட்டைக் கழுவ எடுத்துப் போனார்.

அடுத்த வாரம், விசாரணை அதிகாரி சாத்தூருக்கு வருவதற்கு முந்திய நாள் பிற்பகலில், ஜெபசுந்தரின் மனைவி ஜெமிமா கடைக்கு வந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியை. வகுப்பில் நிற்பது போலவே நிமிர்ந்து நின்றார். உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

“கிடார் உங்ககிட்டத்தான் இருக்குன்னு தெரியும் பாய். விக்கிறதுக்கு வரல. நாளைக்கு அதை எடுத்துக்கிட்டு நீங்க சாத்தூர் பயணியர் மாளிகைக்கு வரணும்.”

“எதுக்கும்மா?”

“அவுக மேலதான் எல்லாப் பழியும். வீட்டுல ஆணிகூடப் பித்தளையில அடிச்ச மனுசன். பாட்டு வாசிக்கிற பெட்டியில இருந்த இரும்பைக்கூடக் கழட்டிட்டாரு. நான் சொன்னா பொண்டாட்டி சொல்றான்னு சொல்லுவாக. நீங்க வெளியாளு. இதக் காட்டிச் சொன்னீகன்னா ஆபீசர் கேப்பாரு.” மூடியில் இருந்த பித்தளைத் தகட்டைச் சுட்டினார். “காசு பணத்துக்கு இல்ல பாய். எம் மக இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்கணும்.”

அசன் முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். ஜெமிமாவோ அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார்.

“முகத்தை வச்சு அடையாளம் காணல பாய். முகம் இல்ல. இடது கை மட்டும் ஒடம்புக்கு அடியில மாட்டி, வேகாம இருந்துச்சு. வெரல் நுனி பூராம் காய்ச்சுப் போயிருந்துச்சு. கம்பி அழுத்துன காய்ப்பு. என் கன்னத்துல பட்டாச் சொரசொரன்னு இருக்கும். அதத் தடவிப் பாத்துட்டுத்தான் ‘இவுகதான்’னு சொன்னேன்.”

கைப்பையைத் திறந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்தார்.

“அவுக மேல இருந்ததுன்னு ஆசுபத்திரியில இதக் குடுத்தாங்க. இடுப்பு வாரோட பித்தளக் கொக்கி தெரியுது. இன்னொண்ணு என்னன்னு தெரியல. கம்பெனிச் சாமானா இருக்குமோ? நீங்க பாத்துச் சொல்லுங்க.”

உறையைக் கவிழ்த்தார். கரி படிந்த ஒரு சதுரத் தகடு, நாலு மூலையிலும் நாலு துளைகளோடு, கிடார் உடலின் மேல் விழுந்தது.

கிடாரின் நடுவே, கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் ‘பிக்கப்’ என்னும் பகுதி இருந்தது. அதன் உள்ளே இருப்பது காந்தம். மேலே கம்பிகள் இல்லாமையால் அது வெறுமையாய்த் திறந்து கிடந்தது. அசன் முகம்மது கையை நீட்டினார். அவர் தொடுவதற்குள் அந்தத் தகடு மெல்ல அசைந்தது. ஒரு விரற்கடை தூரம் தானே நகர்ந்தது. ‘டக்’கென்று காந்தத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

பித்தளை காந்தத்தில் ஒட்டுவதில்லை.

ஜெமிமா பட்டாசு ஊரில் பிறந்தவர்; ஆசிரியை வேறு. அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. தகட்டைப் பிய்த்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அது ஒட்டியது. பிறகு மூடியில் இருந்த பித்தளைத் தகட்டை எடுத்து இதன் மேல் பொருத்திப் பார்த்தார். துளைக்கு நேரே துளை நின்றது. கட்டை விரலால் கரியைத் துடைத்தார். எண்கள் எழுந்து வந்தன.

“இது இங்கன இருந்ததுதானே?”

“ஆமாம்மா.”

“இது எதுக்கு அவுக பையில இருந்துச்சு?”

சாலையில் ஓர் ஆம்புலன்ஸ் கூவிக்கொண்டு போயிற்று. அது மறையும் வரை அசன் முகம்மது காத்திருந்தார். அதற்கு மேல் காத்திருக்க வழியில்லாமல் போனபோது சொன்னார். தகட்டின் விலையைச் சொன்னார், சனிக்கிழமையைச் சொன்னார், ‘இரும்பு பாய் இது’ என்று ஜெபசுந்தர் சொன்னதையும், அதற்குத் தாம் சொன்ன விடையையும் சொன்னார்.

ஜெமிமா அழவில்லை. இடுப்பு வாரின் கொக்கியை மட்டும் உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இரும்புத் தகட்டை அசன் முகம்மதுவின் பக்கமாகத் தள்ளினார்.

“நாளைக்கு வாங்க. கிடாரையும் பித்தளையையும் கொண்டாங்க. நான் சொன்னதச் சொல்லுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லேல்ல?”

“இல்லம்மா. ஆனா…”

“இது உங்க சாமான். நீங்களே வச்சுக்கோங்க.”

மறுநாள் பயணியர் மாளிகையின் வேப்ப மரத்தடியில் இறந்தவர்களின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். ஜெமிமா அவர்களோடு சேராமல் தூணோரம் நின்றார். அவர்களும் அவரைக் கூப்பிடவில்லை. அசன் முகம்மது கிடாரைத் தோளில் தாங்கியபடி உள்ளே அழைக்கப்பட்டபோது, அவருடைய சட்டைப் பையில் அந்த இரும்புத் தகடு இருந்தது. வீட்டில் வைக்க மனம் வரவில்லை. எறியவும் கை வரவில்லை.

கூடத்துக் கதவுகள் திறந்தே இருந்தன. அதிகாரி நிதானமானவர். கிடாரைத் திருப்பிப் பார்த்தார். பித்தளைத் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கதையைக் கேட்டு வியந்தார்.

“அதாவது, வீட்டில் பொழுதுபோக்குக்கு வாசிக்கிற கருவியில்கூட இரும்பு இருக்கக் கூடாது என்று நினைத்தவர்.”

“அப்படிப்பட்ட ஆளுதான் ஐயா.”

அது உண்மையே. 

அதிகாரி மேலாளரை நோக்கினார். “ஓர் அறையில் அத்தனை ஆள் எதற்கு?”

“சீசன் சார். ஆர்டர் நெருக்கடி” என்ற கனகசபாபதி, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சட்டென்று கண்டுகொண்டார். குரலை மாற்றினார். “சார், நானும் அதைத்தான் சொல்றேன். எங்க போர்மேன் தங்கமான மனுசன். அவரு மேல குத்தமே இல்ல. இந்தப் பொம்பளைகதான்… எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டாளுக. ஊக்கு, கொண்டை ஊசின்னு ஒளிச்சு வச்சுக்கிட்டு உள்ள வந்துருவாளுக. யாரோ ஒருத்தி தலையில இருந்து விழுந்திருக்கு. மருந்து வாரும்போது உரசியிருக்கு. அம்புட்டுத்தான்.”

அதிகாரியின் பேனா தாளில் நகர்ந்தது.

வேப்ப மரத்தடியில் இருந்து ஓர் ஓலம் எழுந்தது. சோலையம்மாள் என்னும் பெண்மணி. இறந்துபோன கற்பகவல்லியின் தாய். மாரில் அறைந்துகொண்டு படியேறி வந்துவிட்டார்.

“நான்தான் ஐயா! நான்தான் குத்திவிட்டேன்! தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட கெளம்புனா எம் மக. முடி மூஞ்சியில விழுகுது ஆத்தான்னு சொன்னா. நான்தான் ஊசிய எடுத்துக் கொண்டையில குத்திவிட்டேன். வாசல்ல கழட்டிருவேன்னா. கழட்டலையோ! மறந்துட்டாளோ! எங் கையாலயே எம் பிள்ளையக் கொன்னுட்டேனே! கூட வந்த பிள்ளைகளையும் கொன்னுட்டேனே!”

மற்றப் பெண்கள் அவரைப் பிடிக்க எழுந்தார்கள். எழுந்தவர்களில் ஒருத்தி பாதி வழியில் நின்றுவிட்டாள். அவளுடைய மகளும் அதே அறையில் எரிந்தவள். சோலையம்மாளைப் பார்த்த அவளுடைய கண்களில் ஒரு புதிய பகை துளிர்ப்பதை அசன் முகம்மது கண்டார். இதே பார்வைதான் சென்ற வாரம் வரை ஜெமிமாவின் வாசலில் சாணியாக விழுந்தது. பழி சாகவில்லை; வீடு மாறிவிட்டது.

அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குச் சென்றது. சென்ற கை அங்கேயே நின்றது. எடுத்தால் ஜெபசுந்தர் இரண்டாம் முறை சாவார். ஜெனிட்டா தலை கவிழ்வாள். எடுக்காவிட்டால் இந்தத் தாய் கட்டை வேகும் வரை அந்த ஊசியைத் தன் விரலிலேயே சுமப்பாள். அவர் ஜெமிமாவைப் பார்த்தார். ஜெமிமா சோலையம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பு ஜெமிமா தூணை விட்டு அகன்று கூடத்துக்குள் வந்தார். வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் அது.

“பாய், உங்க சாமானை எடுத்து மேசையில வைங்க.”

அவர் எடுத்து வைத்தார். மேசையில் இரும்பு பட்ட ஓசைக்கு அதிகாரி நிமிர்ந்தார். அசன் முகம்மது, அது எந்தக் குழியின் மீது இருந்தது என்பதையும், யாருடைய உள்பையில் இருந்தது என்பதையும், யார் சொல்லி அங்கே போனது என்பதையும் சொன்னார். “வாசல்ல குடுத்துட்டுப் போகவான்னு அவர் கேட்டார் ஐயா. நான்தான் வேண்டாம்னேன். ஒண்ணும் ஆகாதுன்னேன்.”

“இதுதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது” என்று அதிகாரி மெல்லச் சொன்னார். “அத்தனை ஆள், அந்த வெயில்…”

“இன்னும் என்ன சார் உறுதி வேணும்?” கனகசபாபதியின் முகம் தெளிந்துவிட்டது. “போர்மேன் பையில இரும்பு. முடிஞ்சு போச்சு.”

“உங்களுக்கு இது தெரியுமா?” என்று அதிகாரி ஜெமிமாவைக் கேட்டார்.

“நேத்துல இருந்து தெரியும்.”

அவ்வளவும் எழுதப்பட்டது. வெளியே முணுமுணுப்பு எழுந்தது. ஜெமிமா அதன் ஊடாகவே நடந்து, வாயிலைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போனார். யாரும் வழிவிடவில்லை, யாரும் மறிக்கவும் இல்லை. ஒரு பேருந்து வந்தது. நெரிசலில் அவர் ஏறியது தெரியவில்லை. பேருந்து போன பிறகு அங்கே யாரும் இல்லை.

சோலையம்மாள் அழுகையை நிறுத்தியிருந்தார். மேசையருகே வந்து, அந்தத் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு துளையின் வழியே விரல் நுனியை நுழைத்துப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்த எண்கள் கோலப் புள்ளிகளைப் போலத் தோன்றியிருக்கலாம்.

“இது எம்புட்டுப் பெறும், பாயி?”

பொருளைக் காட்டி விலை கேட்டவருக்கு விடை சொல்லாமல் இருந்து அசன் முகம்மதுவுக்குப் பழக்கமில்லை. பெங்களூர்க்காரர் கேட்டபோதும் சொன்னார். ஜெபசுந்தர் கேட்டபோதும் சொன்னார்.

“தனியா ஒண்ணும் பெறாதும்மா. அதோட சேந்தாத்தான்.”

சோலையம்மாள் கிடாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தகட்டை மேசை மீது வைத்தார். சிறு சத்தமும் எழாமல், விளிம்பை முதலில் ஊன்றி, மெதுவாகச் சாய்த்து வைத்தார். பொறிக்கு அஞ்சிப் பழகிய அந்தப் பக்கத்து மனிதர்கள் எந்தப் பொருளையும் அப்படித்தான் வைப்பார்கள்.